லீஸ் எண்பது ஆண்டுக்குக் கீழே இறங்குவதற்குள்: ஹேரோ வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

வடமேற்கு லண்டனில் ஹேரோவுக்கு அருகே, இரண்டு படுக்கையறை கொண்ட ஃபிளாட் ஒன்றைக் கணவரோடு சேர்ந்து 2025 ஆகஸ்டில் வாங்கிய வாசகி ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அவர்களுடைய லீஸ், அதாவது ஃபிளாட்டைக் குறிப்பிட்ட காலத்துக்கு வைத்திருக்கும் உரிமை, 99 ஆண்டுகளுக்கானது. பத்திரம் 2007 செப்டம்பர் 14 என்று தேதியிடப்பட்டிருக்கிறது. கிரவுண்ட் ரென்ட், அதாவது நிலத்துக்காகக் கட்டும் வாடகை, ஆண்டுக்கு 200 பவுண்டு. அது 25 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். லீஸ் எண்பது ஆண்டுக்குக் கீழே போனால் நீட்டிக்கவே முடியாது என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னதிலிருந்து அவருக்கு உறக்கமில்லை. ஆனாலும் 2026 செப்டம்பர் வரை அவகாசம் இருப்பதாகக் கணக்கிட்டு மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்.

இதற்கிடையே, கட்டடத்தின் நிரந்தர உரிமையாளரான ஃப்ரீஹோல்டரின் ஏஜென்ட் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். 9,500 பவுண்டு கொடுத்தால் லீஸை இன்றிலிருந்து மொத்தம் 125 ஆண்டாக ஆக்கித் தருவதாகவும், கிரவுண்ட் ரென்ட் இப்போதிருக்கும் விதிப்படியே 2106 வரை தொடரும் என்றும், இந்தச் சலுகை 21 நாள் மட்டுமே செல்லும் என்றும் அதில் இருக்கிறது. கணவரின் தம்பி, புதிய சட்டத்தில் 990 ஆண்டு கிடைக்கும், ஒரு பென்னியும் கொடுக்காமல் பொறுத்திருங்கள் என்கிறார். வாங்கி இரண்டு ஆண்டு ஆகும்வரை சட்டப்படி கேட்கவே முடியாது என்பது நண்பர்களின் கருத்து. இவர்கள் கையில் 12,000 பவுண்டு சேமிப்பு இருக்கிறது. மோர்ட்கேஜின் நிலையான வட்டிக் காலம் 2027 ஆகஸ்டில் முடிகிறது. சட்டத்தின் வழியே போனால் ஃப்ரீஹோல்டர் பகைத்துக்கொண்டு, கட்டடப் பராமரிப்புக் கட்டணமான சர்வீஸ் சார்ஜை ஏற்றிவிடுவாரோ என்ற அச்சமும் கடிதத்தின் கடைசியில் தெரிகிறது.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் லீஸ் பத்திரத்தின் முதல் பக்கங்களையும் நிலப்பதிவேட்டுப் பிரதியையும் இணைத்து அனுப்பியது மிகவும் நல்லதாயிற்று. அவற்றைப் பார்க்காமல் பதில் எழுதியிருந்தால், நீங்கள் சொன்ன செப்டம்பர் கணக்கை நானும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கக்கூடும். அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் தேதியை நேர்செய்துவிடுகிறேன். (நான் எழுதுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம், ஸ்கொட்லாந்தில் நிலை வேறு.)

உங்கள் கெடு செப்டம்பர் அல்ல, மார்ச்

உங்கள் பத்திரத்தின் முதல் பக்கத்தில் எல்.ஆர்.1 என்ற கட்டத்தில் இருக்கும் செப்டம்பர் 14, பத்திரம் எழுதப்பட்ட நாள் மட்டுமே. சற்றுக் கீழே வந்து எல்.ஆர்.6 என்ற கட்டத்தைப் பாருங்கள்: 2007 மார்ச் 25 முதல் 99 ஆண்டுகள் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. லீஸின் ஆயுள் அந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கியது. கட்டடம் முடிந்து ஒவ்வொரு ஃபிளாட்டும் வெவ்வேறு மாதத்தில் விற்றாலும், எல்லா லீஸ்களும் ஒரே நாளில் முடியவேண்டும் என்பதற்காக, பழைய காலாண்டு நாள்களில் ஒன்றான மார்ச் 25 போன்ற ஒரு பொதுத் தேதியை வைப்பது இங்கே வழக்கம். ஆகவே உங்கள் லீஸில் சரியாக எண்பது ஆண்டு மீதமிருக்கும் நாள் 2026 மார்ச் 25. நான் இதை எழுதும் 2025 டிசம்பரிலிருந்து பார்த்தால் நான்கு மாதம்கூட இல்லை.

அந்த நாளைத் தாண்டினால் நீட்டிக்கும் உரிமை போய்விடும் என்று உங்களிடம் சொன்னது தவறு. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை, லீஸில் எழுபது ஆண்டு இருந்தாலும் ஐம்பது ஆண்டு இருந்தாலும் அப்படியே இருக்கும். மீதமுள்ள ஆண்டுகளோடு மேலும் 90 ஆண்டு சேரும்; கிரவுண்ட் ரென்ட் முற்றாக இல்லாமல் போகும். எண்பதைத் தாண்டும்போது மாறுவது விலை மட்டுமே. லீஸ் நீளும்போது ஃபிளாட்டின் மதிப்பு கூடுகிறதல்லவா, அதிலிருந்து ஃப்ரீஹோல்டர் இழப்பதைக் கழித்தால் மிஞ்சும் மேரேஜ் வேல்யூவில் சரிபாதியை ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது இப்போதைய சட்டம். ஆனால் லீஸை நீட்டிக்கக் கேட்டு ஃப்ரீஹோல்டருக்குச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கும் நாளில் எண்பது ஆண்டுக்கு மேல் மீதமிருந்தால் அந்தப் பங்கு கணக்கிலேயே வராது. எல்லாம் பேசி முடிவாகும் நாளை வைத்து இதைப் பார்ப்பதில்லை. நோட்டீஸ் கொடுத்த நாளிலேயே மதிப்பீடு நின்றுவிடுகிறது. பேச்சுவார்த்தை ஓராண்டு இழுத்தாலும் உங்களுக்குப் பாதகமில்லை.

வாங்கி இரண்டு ஆண்டு ஆகவில்லையே?

உங்கள் நண்பர்கள் சொன்னது நீண்ட காலம் உண்மையாக இருந்த விதி. 2024ஆம் ஆண்டு லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தின் அந்தப் பகுதி 2025 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்த விதி இல்லை. ஃபிளாட் உங்கள் பெயருக்குப் பதிவாகிவிட்டது. நாளைக்கே நோட்டீஸ் கொடுக்கலாம்.

ஃப்ரீஹோல்டரின் 9,500 பவுண்டு

இந்தக் கடிதம் உங்களை ஈர்த்திருப்பது புரிகிறது. கையில் இருக்கும் பணத்துக்குள் அடங்குகிறது, ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தத் தொகைக்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இருக்கும் எண்பதோடு சுமார் 45 ஆண்டு சேருகிறது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் காரணமாக, கூடுதலாகச் சேரும் அந்தக் காலத்துக்கு அவர் கிரவுண்ட் ரென்ட் வாங்க முடியாது. அதனால்தான் கடிதத்தில் 2106 வரை என்று கவனமாக எழுதியிருக்கிறார்கள். அதுவரை உள்ள காலத்துக்குப் பழைய விதியைத் தொடர அந்தச் சட்டம் அவரை அனுமதிக்கிறது.

அந்தப் பழைய விதிப்படி 2032 வரை ஆண்டுக்கு 200 பவுண்டு, பிறகு 2057 வரை 400, 2082 வரை 800, அதன் பின் 1,600. 2026 மார்ச் முதல் லீஸ் முடியும்வரை கூட்டினால் 69,600 பவுண்டு வருகிறது. அவ்வளவையும் நீங்களே கட்டப்போவதில்லை என்பது சரிதான்; ஆனால் உங்களிடமிருந்து வாங்கப்போகிறவர் அந்தக் கணக்கைப் பார்ப்பார், அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் பார்க்கும். இரட்டிப்பாகும் கிரவுண்ட் ரென்ட் உள்ள ஃபிளாட்டுக்கு மோர்ட்கேஜ் தரப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன.

இப்போது சட்டவழியில் என்ன விலை வரக்கூடும் என்று பார்ப்போம். உங்கள் கட்டடத்தில் நீண்ட லீஸ் உள்ள ஃபிளாட் 330,000 பவுண்டுக்குப் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன். எண்பது ஆண்டுக்குப் பிறகு ஃபிளாட் தனக்குத் திரும்பிவரும் என்ற ஃப்ரீஹோல்டரின் உரிமைக்கு இன்று என்ன மதிப்பு என்பதை, வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்க ஃபிளாட்டுகளுக்கு வழக்கமாக ஏற்கப்படும் ஆண்டுக்கு 5 விழுக்காட்டு விகிதத்தில் கணக்கிட்டால் ஏறத்தாழ 6,600 பவுண்டு. அவர் இழக்கும் கிரவுண்ட் ரென்டின் இன்றைய மதிப்பை 6 விழுக்காட்டில் கணக்கிட்டால் ஏறத்தாழ 7,000. ஆக 13,600 பவுண்டு அளவில் வருகிறது. அதற்கு 90 ஆண்டு கூடுகிறது, கிரவுண்ட் ரென்ட் அடியோடு போகிறது. அதே கணக்கை ஏஜென்டின் சலுகைக்குப் போட்டுப் பார்த்தேன்: கிரவுண்ட் ரென்டை வைத்துக்கொண்டு வெறும் 45 ஆண்டு தருவதன் மதிப்பு 6,000 பவுண்டைக்கூடத் தொடவில்லை. அதற்குத்தான் 9,500 கேட்கிறார்கள்.

இவை தோராயமான எண்கள். விகிதங்களைப் பற்றி இரு தரப்பு சர்வேயர்களும் வாதிடுவார்கள், குறிப்பாகக் கிரவுண்ட் ரென்டுக்கு எந்த விகிதம் என்பதில். என்றாலும் சலுகை என்று வந்த கடிதம் உங்களுக்குச் சலுகை அல்ல என்பதைக் காட்ட இவை போதும். 21 நாள் என்ற கெடுவுக்கும் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. அது கடந்துபோனால் அந்தக் கடிதம்தான் காலாவதியாகும், உங்கள் உரிமை ஆகாது. எனக்குக் கவலை தருவது வேறொன்று. இப்படித் தனிப்பட்ட முறையில் பேசத் தொடங்கினால் விலை குறைக்கிறோம், யோசிக்கிறோம், மேலிடத்தில் கேட்கிறோம் என்று கடிதங்கள் போய்வந்து, மார்ச் 25 சத்தமில்லாமல் கடந்துவிடும். தனிப்பட்ட பேச்சில் மதிப்பீட்டு நாள் நிற்பதில்லை.

மைத்துனரின் யோசனை

அவர் சொல்வதில் பாதி சரி. 2024 மே 24 அன்று அரச ஒப்புதல் பெற்ற சட்டத்தில் 990 ஆண்டு நீட்டிப்பும், மேரேஜ் வேல்யூவை நீக்குவதும், ஃப்ரீஹோல்டரின் செலவைப் பொதுவாக நீங்கள் ஏற்க வேண்டியதில்லை என்பதும், மதிப்பீட்டில் கிரவுண்ட் ரென்டை ஃபிளாட் மதிப்பின் 0.1 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் உண்மையாகவே இருக்கின்றன. இவற்றில் சிலவற்றை எதிர்த்து ஃப்ரீஹோல்டர்கள் தொடுத்த வழக்கை 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் இந்தப் பகுதிகள் எவையும் இதை எழுதும் நாள்வரை நடைமுறைக்கு வரவில்லை. விலையைத் தீர்மானிக்கப்போகும் விகிதங்களை அரசு அறிவிக்க வேண்டும், அவையும் வரவில்லை. ஒரு பென்னியும் கொடுக்காமல் என்பதோ எந்தச் சட்டத்திலும் கிடையாது. புதிய முறையிலும் ஃப்ரீஹோல்டருக்கு விலை கொடுத்தே ஆக வேண்டும்.

உங்கள் நிலையில் 0.1 விழுக்காடு என்பது 330 பவுண்டு. 2032க்குப் பின் வரும் 400, 800, 1,600 எல்லாம் 330ஆகவே எடுக்கப்படும் என்பதால், இன்றைய விகிதங்களே தொடர்வதாக வைத்துக்கொண்டால், விலையில் இரண்டாயிரம் பவுண்டுக்குச் சற்று மேல் குறையலாம். ஃப்ரீஹோல்டரின் செலவும் மிச்சமாகலாம். இது சிறிய தொகையல்ல, காத்திருப்பவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். லீஸில் 95 ஆண்டு மீதமிருந்து, விற்கும் எண்ணமும் இல்லாத ஒருவர் என்னைக் கேட்டால் பொறுத்திருங்கள் என்றே சொல்வேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாததற்குக் காரணம் மார்ச் 25. அதைத் தாண்டிவிட்டு, புதிய சட்டமும் வராமல், 2027இல் நீட்டித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், மேரேஜ் வேல்யூவும் சேரும். இப்போதைய லீஸோடு உங்கள் ஃபிளாட்டின் மதிப்பு 310,000 என்று எடுத்துக்கொண்டால், கூடும் 20,000 பவுண்டில் மேலே சொன்ன 13,600ஐக் கழித்த மீதியில் பாதியாக, அந்தப் பங்கு தொடக்கத்திலேயே 3,200 பவுண்டு அளவில் வருகிறது. பிறகு ஆண்டுதோறும் ஏறும். எண்பதில் ஒரே நாளில் எல்லாம் தலைகீழாகிவிடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் ஏறத் தொடங்கிய பிறகு இறங்காது.

உங்கள் மைத்துனர் மனம் நிறைவடையும்படி இன்னொன்றும் சொல்கிறேன். நோட்டீஸ் கொடுத்துவிட்டால் கட்டாயம் முடித்தே தீர வேண்டும் என்றில்லை. நடுவில் புதிய சட்டம் உங்களுக்குச் சாதகமான விகிதங்களோடு வந்துவிட்டால் நோட்டீஸைத் திரும்பப் பெறலாம். அதுவரை ஃப்ரீஹோல்டருக்கு ஏற்பட்ட நியாயமான செலவைக் கொடுக்க வேண்டும். அடுத்த நோட்டீஸுக்கு 12 மாதம் பொறுக்க வேண்டும். எனவே இப்போது நோட்டீஸ் கொடுப்பது புதிய சட்டத்துக்கான கதவை மூடிவிடுவதில்லை. இன்றைய சட்டத்தில் உங்களுக்கு இருக்கும் நல்ல இடத்தையும் அது காப்பாற்றுகிறது.

நோட்டீஸில் பிழை வரக்கூடிய இடங்கள்

1993 சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழ் கொடுக்கும் இந்த நோட்டீஸைச் சொந்தமாக எழுதி அனுப்பாதீர்கள். இந்தத் துறையில் பழக்கமுள்ள சொலிசிட்டரையும், லீஸ் நீட்டிப்பு மதிப்பீடு செய்யும் சர்வேயரையும் இந்த மாதத்திலேயே அமர்த்துங்கள். எனினும் சில விஷயங்களை நீங்களே கவனிக்க வேண்டும்.

பெயர்: ஃபிளாட் இருவர் பெயரிலும் இருப்பதால் நோட்டீஸும் இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய பிரதியில் உங்கள் கணவரின் தந்தை பெயர் முழுதாக முன்னால் இருக்கிறது. உங்கள் கடிதத்திலோ முதலெழுத்து மட்டும். நம்மவர்களிடையே கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் வங்கியில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது சாதாரணம். இங்கே நிலப்பதிவேட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, இருக்கட்டும்.

யாருக்கு: கிரவுண்ட் ரென்ட் கேட்டு எழுதும் ஏஜென்டுக்கு அனுப்பினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சட்டப்படி தகுதியான லேண்ட்லார்ட் யார் என்பதை ஃப்ரீஹோல்டின் பதிவேட்டுப் பிரதியை எடுத்துப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். அதை இணையத்தில் ஏழு பவுண்டுக்கு எடுக்கலாம். இடையில் ஒரு ஹெட் லீஸ், அதாவது ஃப்ரீஹோல்டருக்கும் உங்களுக்கும் நடுவே வேறொருவர் வைத்திருக்கும் லீஸ், இருந்தால் கணக்கு மாறும்.

தொகை: நோட்டீஸில் நீங்கள் தர முன்வரும் விலையைக் குறிப்பிட வேண்டும். அது உங்கள் சர்வேயர் சொல்லும் எல்லையின் கீழ்ப்பக்கத்தில் இருக்கலாம், ஆனால் கேலிக்குரியதாக இருக்கக் கூடாது. பெருந்தொகை வரக்கூடிய இடத்தில் 100 பவுண்டு என்று எழுதிய ஒரு நோட்டீஸ் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்திருக்கிறது.

நாள்: நோட்டீஸ் மார்ச் 25க்கு முன் அவர் கையில் சேர்ந்திருக்க வேண்டும். தபாலை நம்பிக் கடைசி வாரத்தில் அனுப்பி, எந்த நாள் கிடைத்தது என்று பிறகு வழக்காடும் நிலை வேண்டவே வேண்டாம். ஜனவரி முடிவதற்குள் நேரில் சேர்ப்பிக்கச் சொல்லி, சேர்த்ததற்கான சான்றையும் வாங்கி வையுங்கள். பிழை ஏதும் இருந்து புதிதாகக் கொடுக்க நேர்ந்தால் அதற்கும் நாள் இருக்கும். கொடுத்தவுடன் அதை நிலப்பதிவேட்டில் பதிவுசெய்யும்படி சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். நடுவில் ஃப்ரீஹோல்ட் கைமாறினாலும் புதியவரையும் அது கட்டுப்படுத்தும்.

அதன்பின் ஃப்ரீஹோல்டருக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் கொடுத்து, எந்தத் தேதிக்குள் பதில் நோட்டீஸ் தர வேண்டும் என்று குறிப்பிடுவீர்கள். அவர் அதற்குள் பதில் தராவிட்டால், ஆறு மாதத்துக்குள் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போய், உங்கள் நோட்டீஸில் உள்ள நிபந்தனைகளின்படியே புதிய லீஸைக் கேட்கலாம். பதில் தந்து விலையில் மட்டும் உடன்பாடு இல்லையென்றால், அந்தப் பதில் வந்த நாளிலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆறு மாதம் முடிவதற்குள் இத்தகைய சொத்துத் தகராறுகளைத் தீர்க்கும் தீர்ப்பாயமான ஃபர்ஸ்ட் டியர் டிரிபியூனலில் மனுச் செய்ய வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டால் நோட்டீஸைக் கைவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு மார்ச் 25 என்ற பலனும் அதோடு போய்விடும். பெரும்பாலும் டிரிபியூனலில் மனுப் போட்ட பிறகு, விசாரணைக்கு முன்பே சர்வேயர்கள் ஒரு விலைக்கு வந்துவிடுவார்கள்.

பணம்

13,600 என்று படித்தவுடன் உங்கள் 12,000 போதாதே என்று மனம் சோர்ந்திருப்பீர்கள். நோட்டீஸ் கொடுக்கும் நாளில் முழுத்தொகை வேண்டியதில்லை. ஃப்ரீஹோல்டர் கேட்டால், நோட்டீஸில் நீங்கள் எழுதிய விலையில் பத்தில் ஒரு பங்கு, அல்லது 250 பவுண்டு, இவற்றில் எது அதிகமோ அதை வைப்புத்தொகையாக 14 நாளுக்குள் கட்ட வேண்டும். மீதி, புதிய லீஸ் கையெழுத்தாகும்போதுதான். அதற்குப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது மோர்ட்கேஜ் நிறுவனத்திடம் கூடுதல் கடன் கேட்கலாம். ஆனால் விலையோடு வேறு செலவுகளும் உண்டு: உங்கள் சொலிசிட்டர், உங்கள் சர்வேயர், அத்துடன் 60ஆம் பிரிவின்படி ஃப்ரீஹோல்டரின் சட்ட, மதிப்பீட்டுச் செலவில் நியாயமானது. இவை சேர்ந்து சில ஆயிரம் பவுண்டு ஆகும் என்று எண்ணித் திட்டமிடுங்கள். டிரிபியூனலில் அவர் வாதாடும் செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது. கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

பகைத்துக்கொள்வாரோ?

சர்வீஸ் சார்ஜ் நியாயமான செலவுக்கு மட்டுமே வசூலிக்கப்பட வேண்டும் என்கிறது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. அதற்கு மேல் கேட்டால் அதே டிரிபியூனலில் கேள்வி கேட்கலாம். கிரவுண்ட் ரென்டையும் சர்வீஸ் சார்ஜையும் மட்டும் இந்தக் காலம் முழுவதும் நாள் தவறாமல் கட்டி வாருங்கள். சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்பது அவமரியாதை அல்ல. இந்த நோட்டீஸ்கள் ஃப்ரீஹோல்டர்களுக்கு அன்றாடம் வருபவை. உங்களுடையதைப் பார்த்து யாரும் கோபப்பட நேரமில்லை. நமது மக்களிடையே வீட்டுக்காரரிடம் முகம் முறிந்துவிடுமோ என்ற தயக்கத்தால் எத்தனையோ பேர் கிரவுண்ட் ரென்ட் உள்ள மோசமான லீஸ்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வருந்துவதைப் பார்க்கிறேன். அந்தப் பட்டியலில் நீங்கள் சேர வேண்டாம்.

ஏஜென்டின் கடிதத்துக்கு இப்போதைக்கு ஒரே வரியில் பதில் போதும்: கடிதம் கிடைத்தது, சட்ட ஆலோசனை பெற்றுவருகிறோம் என்று. விலை எதையும் அதில் எழுதாதீர்கள், சரி என்றும் சொல்லாதீர்கள். சொலிசிட்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் பொதுவான சந்தேகங்கள் இருந்தால், அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் ஆலோசனைச் சேவை இலவசமாகப் பதிலளிக்கிறது. முதல் சந்திப்புக்குப் போகும்போது லீஸ் முழுவதையும், பதிவேட்டுப் பிரதியையும், கடைசியாக வந்த கிரவுண்ட் ரென்ட் கோரிக்கையையும், ஏஜென்டின் கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள், எல்.ஆர்.6 கட்டத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, மார்ச் 25 என்ற நாளை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.